ராத்திரி பத்து மணிக்கு மேல நம்ம பிள்ளைங்க யாருக்கு வேலை பார்க்குறாங்க?

காரைக்குடியில் நடந்த மாணவர் அணிக் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம் இது. நேரில் வர முடியாத சொந்தங்கள் பலர் கேட்டதால் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.



பொதுவா கூட்டத்துல போனை உள்ள வைக்கச் சொல்லுவாங்க. நான் வெளிய எடுக்கச் சொல்றேன். செட்டிங்ஸ் போங்க. ஆண்ட்ராய்டுன்னா 'டிஜிட்டல் வெல்பீயிங்'னு ஒண்ணு இருக்கும். ஐபோன்னா 'ஸ்கிரீன் டைம்'. அதைத் திறந்து நேத்து மொத்தம் எத்தனை மணி நேரம்னு மட்டும் பாருங்க. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட காட்ட வேண்டாம். என்கிட்டயும் சொல்ல வேண்டாம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. உங்க போன்ல ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்னு வந்திருந்தா, வருஷத்துக்கு 1,460 மணி நேரம். இருபத்து நாலால வகுத்தா கிட்டத்தட்ட 61 நாள். இன்ஜினியரிங் நாலு வருஷப் படிப்பு. நாலு வருஷத்துக்கு 243 நாள், அதாவது எட்டு மாசம். ராத்திரி பகல் தூங்காம, சாப்பிடாம, முழு எட்டு மாசம் ஒரு கண்ணாடியைத் தடவிக்கிட்டே இருந்திருக்கோம்னு அர்த்தம். ஆறு மணி நேரம்னு வந்தவங்க ஒரு முழு வருஷத்தை எழுதிக் கொடுத்துட்டீங்க.

செட்டிநாட்டு மண்ணுல நின்னுக்கிட்டு கணக்கு பேச எனக்கே கூச்சமா இருக்கு. பர்மாவுலயும் மலாயாவுலயும் கடை வச்சிருந்த காலத்துல பேரேடு எழுதாம, ஐந்தொகை போடாம எந்தக் கடைக்கணக்கும் முடிஞ்சதில்லை. அரையணா வித்தியாசம் வந்தா அது எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் விளக்கை அணைக்காத ஊர் இது. அந்த ஊர்ல படிக்கிற நாம, வருஷத்துல ரெண்டு மாசம் காணாமப் போறதைப் பத்தி ஒரு வரிகூட எழுதி வைக்கறதில்லை.

"ஆப் எல்லாம் ஓசிதானே, என்ன செலவு?"ன்னு ஒரு தம்பி முன்னாடி என்கிட்ட கேட்டான். நல்ல கேள்வி. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் ஒரே கம்பெனி, மெட்டா. 2024ஆம் வருஷம் அந்தக் கம்பெனியோட வருமானம் 16,000 கோடி டாலருக்கு மேல. ரூபாய்ல போட்டா நம்ம தமிழ்நாட்டு அரசோட ஒரு வருஷ பட்ஜெட்டைப் போல சுமார் மூணு மடங்கு. உங்ககிட்ட ஒரு ரூபாய் வாங்கல. அப்புறம் இவ்வளவு பணம் எங்க இருந்து? ஏறக்குறைய மொத்தமும் விளம்பரம். நீங்க எவ்வளவு நேரம் பார்க்குறீங்களோ அவ்வளவு விளம்பரம். உங்களோட அந்த 1,460 மணி நேரம் அவங்க பேரேட்டுல வரவுப் பக்கம் சரியா ஏறியிருக்கு. நம்ம பக்கம்தான் செலவுன்னுகூட எழுதாம விட்டிருக்கோம்.

"மன உறுதி இல்லை", "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்"னு பெரியவங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு நமக்கே சலிச்சுப் போச்சு. நான் இன்ஜினியரிங் படிச்சவன். ஒரு மெஷின் எதுக்காகச் செஞ்சதோ அதைத்தான் செய்யும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. இந்த ஆப்கள் எப்படிச் செஞ்சிருக்குன்னு பார்த்தா மன உறுதிப் பேச்சு எவ்வளவு அரைகுறைன்னு புரியும்.

முன்னாடி இணையத்துல ஒரு பக்கம் படிச்சு முடிச்சா கீழே 1, 2, 3ன்னு எண் இருக்கும். அடுத்ததுக்குப் போகணும்னா அழுத்தணும். அந்த ஒரு நொடியில "போதும்"னு தோணும், மூடிடுவோம். 2006ல ஏசா ரஸ்கின்ங்கிற டிசைனர் அந்த எண்ணை எடுத்துட்டு, இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்குற மாதிரி ஒண்ணை உருவாக்கினார். பின்னாடி அவரே அதுக்காக வெளிப்படையா வருத்தப்பட்டுப் பேசினார். ஆனா அது இன்னைக்கு எல்லா ஆப்லயும் இருக்கு.

நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியை நினைச்சுப் பாருங்க. பணியாரத்துல ஆரம்பிச்சு எத்தனை வகை வந்தாலும், இலையை மடிச்சா பரிமாறுறவர் தாண்டிப் போயிடுவார். எவ்வளவு பெரிய வீட்டு விருந்துலயும் இலையை மடிக்கிற உரிமை சாப்பிடுறவங்க கையில இருக்கு. ரீல்ஸ்ங்கிறது இலையை மடிக்க விடாத பந்தி. நீங்க வாயைத் துடைக்கறதுக்குள்ள அடுத்தது விழுந்திருக்கும். அதுவும் ஏதோ ஒண்ணு விழாது. போன வாரம் நீங்க எதுல ரெண்டு நொடி கூட நின்னீங்களோ, அந்த மாதிரி ஒண்ணுதான் விழும்.

2014 நவம்பர்ல வாட்ஸ்அப்ல நீல டிக் வந்துச்சு. சின்ன மாற்றம்தான். ஆனா அன்னையில இருந்து படிச்சுட்டுப் பதில் போடாம இருக்குறது ஒரு குத்தமாயிடுச்சு. "பார்த்துட்டல்ல, ஏன் ரிப்ளை பண்ணல?" இந்த ஒரு கேள்வியால ஹாஸ்டல்ல எத்தனை சண்டை, எத்தனை அழுகை! எல்லாருக்கும் தெரியும். தபால்காரர் கடுதாசி கொடுத்துட்டு, நாம படிக்கிறோமான்னு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, எழுதினவங்களுக்குத் தந்தி அடிச்ச மாதிரி இருக்கு கதை.

இன்னொண்ணு, யாரும் பெருசா பேசாத விஷயம். 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு ஜிபியை மாசம் முழுக்க வச்சு ஓட்டினவங்க நாம. வீடியோவைத் தொட பயப்படுவோம். இப்ப ஒன்றரை ஜிபி, ரெண்டு ஜிபி, அதுவும் தினசரி. மாசக் கணக்கு தினக் கணக்கா மாறினதை யாரும் கவனிக்கல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மிச்சம் காலாவதி. காசு கொடுத்து வாங்கினது வீணாப் போகுதேன்னு பதினோரு மணிக்கு ஒரு நினைப்பு வரும் பாருங்க, அது சிக்கனம் பழகின நடுத்தரக் குடும்பத்துப் புத்தி. சோத்தை வீணாக்கக் கூடாதுன்னு வளர்ந்த பிள்ளை டேட்டாவையும் வீணாக்க மாட்டேங்குது. நல்ல குணத்தையே தூண்டிலா மாட்டியிருக்காங்க.

அப்புறம் குரூப். ஒரு சராசரி மாணவனோட வாட்ஸ்அப்பைத் திறந்தா கிளாஸ் குரூப், டிபார்ட்மெண்ட் குரூப், ஹாஸ்டல் குரூப், பிளேஸ்மெண்ட் குரூப், பிராஜெக்ட் குரூப், பஸ் குரூப், வாத்தியார் இல்லாத கிளாஸ் குரூப், அந்தக் குரூப்ல பிடிக்காத நாலு பேரை விட்டுட்டு ஆரம்பிச்ச இன்னொரு குரூப். ஒரு குரூப்புக்கு 2016ல 256 பேர்னு இருந்த வரம்பு 2022ல 1,024 ஆச்சு. நாளைக்கு லேப் உண்டா இல்லையான்னு தெரிஞ்சுக்க உள்ள போனவன், நாப்பது நிமிஷம் கழிச்சு வெளிய வரும்போது லேப் உண்டான்னு பார்க்க மறந்திருப்பான். இதுல கல்லூரிகளுக்கும் பங்கு இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு அசைன்மெண்ட் தேதியை குரூப்ல போட்டுட்டு, காலையில வகுப்புல "போன் பார்த்துக் கெட்டுப் போறீங்க"ன்னு திட்டினா எப்படி?

போனே வேண்டாம்னு பேச நான் இங்க வரல. அப்படிப் பேசினா முதல்ல எங்க அணியைத்தான் கலைக்கணும். நம்ம சிவகங்கை மாவட்டத்துல சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவுதின்னு ஆள் போகாத தெரு குறைவு. முந்தின தலைமுறைக்கு ரங்கூன்ல இருந்து கப்பல்ல கடுதாசி வரணும். நல்லது கெட்டது எல்லாம் வாரக்கணக்குல தாமதமாத்தான் தெரியும். இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்த அப்பா வீடியோ கால்ல பிள்ளை முகத்தைப் பார்த்துட்டுத்தான் சாப்பிடுறார். இதை விட நல்ல கண்டுபிடிப்பு என்ன இருக்கு?

ஆனா அதே போன்ல, அதே ஒன்பதரை மணிக்கு என்ன நடக்குதுன்னும் பாருங்க. அப்பா கால் வருது. பிள்ளை ரீல்ஸ்ல இருக்கான், இல்லன்னா கேம்ல இருக்கான். கட் பண்ணிட்டு "கிளாஸ்ல இருக்கேன்பா, அப்புறம் பேசுறேன்"னு மெசேஜ். ராத்திரி ஒன்பதரைக்கு என்ன கிளாஸ்னு அந்த மனுஷன் கேக்க மாட்டார். படிச்ச பிள்ளை, ஏதோ இருக்கும்னு நம்புவார். அங்க வெயில்ல நின்னு அவர் சம்பாதிச்சு வாங்கிக் கொடுத்த போன் அது.

நம்ம பக்கத்துலயே நடந்த ஒரு பழைய விஷயம் சொல்றேன். சிராவயல்னு சொன்னா உங்களுக்கு மஞ்சுவிரட்டுதான் ஞாபகம் வரும். அந்தச் சிராவயல்ல காந்தி பேருல ஒரு ஆசிரமம் நடத்திக்கிட்டு இருந்தார் ஒரு இளைஞர். வயசு இருபது. பேரு ஜீவானந்தம். அப்போ காந்தியைவிடப் பெரிய ஆள் நாட்டுல இல்லை. ஆனா வருணாசிரமத்தைப் பத்தி காந்தி சொன்னதை இந்தப் பையனால ஏத்துக்க முடியல. உட்கார்ந்து யோசிச்சு ஒரு கடிதம் எழுதினார். 1927ல செட்டிநாட்டுப் பக்கம் சுற்றுப்பயணம் வந்த காந்தி, சிராவயலுக்கே நேரா வந்து அந்தப் பையனைப் பார்த்துப் பேசினார். இன்னைக்கு இந்த அரங்கத்துல இருக்குற பல பேருக்கு அதே இருபது வயசுதான். நாம ஒரு நாளைக்கு இருநூறு மெசேஜ் அனுப்புறோம். எத்தனை மெசேஜ், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் யோசிச்சு எழுதினது? ஜீவாவைப் பத்தி வாய் கிழியப் பேசுற எல்லாக் கட்சிக்காரங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு, நம்மையும் சேர்த்து.

"அண்ணே, ஜல்லிக்கட்டையே போன் வச்சுத்தானே ஜெயிச்சோம்"னு சொல்லுவீங்க. உண்மை. 2017 ஜனவரி 17ஆம் தேதி மெரினாவுல கூடின கூட்டத்தை எந்தத் தலைவரும் கூப்பிடல. வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும்தான் கூப்பிட்டுச்சு. மதுரை தமுக்கம், கோவை வ.உ.சி. மைதானம்னு ஊர் ஊருக்குப் பரவினதும் அப்படித்தான். கடற்கரையில லைட்டை அணைச்சப்போ ஆயிரக்கணக்கான செல்போன் டார்ச் எரிஞ்சதை மறக்க முடியுமா? 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டமன்றத்துல மசோதா. ஆனா அந்த ஒரு வாரம் பசங்க என்ன பண்ணாங்கன்னு கவனிங்க. மெசேஜைப் பார்த்தாங்க, கிளம்பிப் போனாங்க. மணல்ல உட்கார்ந்தாங்க, குப்பையைப் பொறுக்கினாங்க, டிராபிக்கைச் சரி பண்ணாங்க, தெரியாத ஆளோட சோறு பங்கு போட்டாங்க. போன் அவங்களை வீட்டை விட்டு வெளிய கொண்டு வந்துச்சு. இப்ப அதே போன் ஆளைக் கட்டில்ல கட்டிப் போடுது. போராட்டத்தை ஸ்டேட்டஸ்ல வச்சுட்டுப் போத்திக்கிட்டுப் படுக்குற பழக்கம் மெரினாவுல பிறந்தது கிடையாது.

இன்னொரு பக்கமும் நடந்துச்சு. 2018 மே மாசம், பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு வயசான அம்மா, வழியில குழந்தைங்களுக்குச் சாக்லேட் கொடுத்தாங்க. அடிச்சே கொன்னுட்டாங்க. அதை ஃபார்வர்ட் பண்ண ஒருத்தராவது நின்னு அஞ்சு நிமிஷம் யோசிச்சிருந்தா? அந்த வருஷம் ஜூலையில, இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. கை பழகிடுச்சுன்னா மூளையைக் கேக்காது. ஒரு நாளைக்கு அறுநூறு வீடியோ தள்ளிவிடுற விரல், அறுநூத்தி ஒண்ணாவதா வர்ற வதந்தியையும் அதே வேகத்துல தள்ளிவிடும். அதனாலதான் அளவுக்கு மீறின பயன்பாட்டை வெறும் படிப்புப் பிரச்சனையா நான் பார்க்கல.

"அரசாங்கம் தடை பண்ணட்டும்"னு சில பேர் சொல்றாங்க. தடை பண்ணிப் பார்த்தாச்சே! 2019 ஏப்ரல் 3ஆம் தேதி நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் டிக்டாக் டவுன்லோடைத் தடை பண்ணச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அதே மாசம் 24ஆம் தேதி நிபந்தனையோட விலக்கிக்கிட்டாங்க. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு, எல்லைப் பிரச்சனைக்கு அப்புறம், 59 ஆப்களோட சேர்த்து டிக்டாக்கை மொத்தமா மூடிச்சு. டிக்டாக் போச்சு. பத்து நாள் ஆகல, ஜூலை 8ஆம் தேதி இன்ஸ்டாகிராம் இந்தியாவுல ரீல்ஸைத் திறந்துச்சு. கடை மாறுச்சு, சரக்கு அதேதான். ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10 முதல் 16 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு சமூக ஊடகக் கணக்கே கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாமளும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனா கல்லூரி மாணவர்னா ஓட்டுப் போடுற வயசு. எந்தச் சட்டமும் உங்க கையில இருந்து போனை வாங்கி வைக்காது, வைக்கவும் கூடாது.

இந்த இடத்துல பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பையன் போன் பார்த்தா அறிவுரை, பொண்ணு பார்த்தா போனைப் பிடுங்கறது. பல வீட்டுல இதுதான் நடைமுறை. சில வீட்டுல ஒரு படி மேல போய் "போதும், காலேஜுக்கே போக வேண்டாம்"ங்கிற பேச்சு வருது. போன் பிரச்சனையைப் பேசுறேன்னு சொல்லி எந்தப் பொண்ணோட படிப்பையும் நிறுத்த இந்தப் பேச்சை யாரும் எடுத்துக்காதீங்க. வீட்டுல பயம் இருக்குறதாலதான் போட்டோ மிரட்டல், பண மோசடின்னு மாட்டுறப்போ பொண்ணுங்க சொல்ல மாட்டேங்கறாங்க. சைபர் குற்றத்துக்கு 1930ன்னு ஒரு எண் இருக்கு. அதைவிட முக்கியம், முதல் தகவல் அம்மாவுக்குப் போகுற மாதிரி வீடு இருக்கணும்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். மேடையில இருக்குற அண்ணன்கள் மன்னிக்கணும், இதைச் சொல்லாம மாணவர்களுக்கு மட்டும் உபதேசம் பண்ணினா அது நியாயம் இல்லை.

நம்ம பக்கத்தோட இன்சைட்ஸைப் பார்க்குற வேலை என்னோடது. எந்த நேரத்துக்குப் பதிவு போட்டா ஆள் அதிகம்னு அதுல தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கூட்டம். பதினொண்ணு வரைக்கும் ஏறிக்கிட்டே போகும். அந்தக் கூட்டத்துல பெரும்பகுதி உங்க வயசு. ஆக, உங்க தூக்கத்துல மெட்டா மட்டும் சம்பாதிக்கல. எல்லாக் கட்சி ஐடி விங்கும் சம்பாதிக்குது. "பத்தே காலுக்கு டிரெண்ட் பண்றோம், எல்லாரும் வாங்க"ன்னு ஒரு மெசேஜ் வந்தா, நாளைக்கு செமஸ்டர் எக்ஸாம் இருக்குற தம்பிகூட கொள்கைப் பற்றுல எந்திரிச்சு உட்காருவான். எதிரணிக்காரன் கமெண்ட்ல கெட்ட வார்த்தை போட்டிருப்பான். இவன் பதில் போடுவான். அவன் இன்னொண்ணு. மணி ரெண்டு. அந்தச் சண்டையால ஒரு ஓட்டு மாறியிருக்குமா? சத்தியமா மாறியிருக்காது. அந்தப் பக்கம் சண்டை போட்டவனும் ஏதோ ஒரு ஊர்ல எக்ஸாமுக்குப் படிக்காம முழிச்சிருக்குற இன்னொரு பையன்தான்.

நம்ம கட்சிக்கு நீங்க வேணும். ஆனா அரியர் வச்சுக்கிட்டு, கண்ணு சிவந்து, அப்பா காலைக் கட் பண்ணிக்கிட்டு வர்ற தொண்டன் வேண்டாம். அப்படி ஒரு தலைமுறையை வச்சு ஜெயிச்சா, ஜெயிச்ச பிறகு ஆட்சி நடத்த நம்மகிட்ட யார் இருப்பா?

அதனால காரைக்குடி நகரத் தகவல் தொழில்நுட்ப அணியில மூணு விஷயம் முடிவு பண்ணியிருக்கோம். ராத்திரி பத்து மணிக்கு நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாம் அட்மின் மட்டும் பதிவிடுற மாதிரி பூட்டப்படும், காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். அவசரம்னா போன் பண்ணலாம், அதுக்குத்தானே போன். செமஸ்டர் தேர்வு இருக்குற மாணவர்களுக்கு அந்த மாசம் முழுக்க எந்த இணையப் பொறுப்பும் கிடையாது. யாரும் டேக் பண்ணவும் கூடாது. மூணாவது, மாணவர்களோட உழைப்பை லைக் கணக்குல அளக்க மாட்டோம். உங்க தெருவுல முதியோர் பென்ஷன் வராத ஒரு பாட்டிக்கு இ-சேவை மையம் வரைக்கும் கூடப் போய் மனு போட்டுக் கொடுத்தீங்களா, அதைச் சொல்லுங்க. உங்க கூடப் படிக்கிற, முதல் தலைமுறையா கல்லூரிக்கு வந்த ஒரு பையனுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட உதவினீங்களா, அதைச் சொல்லுங்க. ஐம்பது ஷேரை விட எனக்கு அது பெருசு.

"எதிர்க்கட்சிக்காரன் ராத்திரி தூங்குறானா?"ன்னு ஒரு மூத்த அண்ணன் இப்பவே முணுமுணுக்கறது கேக்குது. கேள்வி நியாயம்தான். சில நாள் டிரெண்டிங்ல நாம தோப்போம். சில பொய்யான வீடியோவுக்குக் காலையிலதான் பதில் போகும், அதுக்குள்ள அது ஊர் சுத்தியிருக்கும். இதுக்கு விலை உண்டுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். ராத்திரி வேலைக்கு ஆள் வேணும்னா, படிப்பு முடிச்ச எங்களை மாதிரி ஆளுங்க முறை போட்டுப் பார்க்குறோம். பத்தொன்பது வயசுப் பிள்ளைகளை அதுக்கு இழுக்க வேண்டாம். மற்ற ஒன்றியங்களும், மாவட்ட அணியும் இதை எடுத்துக்கணும்னு மேடையில இருக்குறவங்ககிட்ட கோரிக்கையா வைக்கிறேன்.

இதே ஊர்ல, கம்பன் அடிப்பொடி சா. கணேசன் ஐயா 1939ல கம்பன் கழகம் ஆரம்பிச்சார். அவர் நடத்தின கம்பன் விழா நேரம் தவறாமைக்குப் பேர் போனது. குறிச்ச நிமிஷத்துல தொடங்கும், எவ்வளவு பெரிய பேச்சாளரா இருந்தாலும் கொடுத்த நேரத்துக்குள்ள முடிக்கணும். எனக்கு இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்குன்னு சீட்டு வந்திருக்கு, அதனால மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லிடுறேன்.

தம்பி தங்கைகளே, தனியா சபதம் எடுக்காதீங்க, அது மூணு நாள்தான் தாங்கும். ரூம்ல நாலு பேர் இருந்தா நாலு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க. ஒரு பழைய அட்டைப் பெட்டி போதும். பதினோரு மணிக்கு நாலு போனும் அதுக்குள்ள. அலாரத்துக்குப் போன் வேணும்னு சாக்கு சொல்லாதீங்க, செக்காலை ரோட்டுல போய் ஒரு சின்ன அலாரக் கடிகாரம் வாங்கிக்கலாம். நோட்டிபிகேஷனை ஒவ்வொண்ணா அணைச்சுட்டு அப்பா, அம்மா, கிளாஸ் குரூப் மூணை மட்டும் விட்டு வைங்க. தேவகோட்டையில இருந்தோ சிவகங்கையில இருந்தோ பஸ்ல வர்றவங்க, போற நேரம் ரீல்ஸ், வர்ற நேரம் பக்கத்து சீட்டுன்னு பாதி பாதியா ஆரம்பிங்க. பக்கத்து சீட்டுல உங்க ஊர்க்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கண்மாய்ல தண்ணி நிக்குதா, நூறு நாள் வேலைக்குச் சம்பளம் வந்துச்சான்னு கேளுங்க. நம்ம தேர்தல் அறிக்கைக்கு அதைவிட நல்ல சரக்கு இன்ஸ்டாகிராம்ல கிடைக்காது.

சில பேருக்கு இது பழக்கம்ங்கிற எல்லையைத் தாண்டியிருக்கும். போன் கையில இல்லன்னா கை நடுங்குது, கோவம் வருது, தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கலைன்னா அதை மறைக்காதீங்க. இதுக்கே தனியா 2014ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில ஒரு சிகிச்சைப் பிரிவு ஆரம்பிச்சாங்க, அந்த அளவுக்கு இது நிஜமான பிரச்சனை. நீங்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 14416, டெலிமானஸ், அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். யாரும் உங்களைப் பைத்தியம்னு எழுதி வைக்க மாட்டாங்க.

அழகப்பச் செட்டியார் 1947ல இந்த ஊர்ல கல்லூரி ஆரம்பிச்சப்போ இங்க இருந்தது பொட்டல் காடு. மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 48 வயசு முடியறதுக்குள்ள, 1957ல அந்த மனுஷன் இறந்துட்டார். அவர் கட்டி வச்ச கல்லூரிச் சாலையில இன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நடந்து போனா, ஹாஸ்டல் ஜன்னல் ஒவ்வொண்ணுலயும் நீல வெளிச்சம் தெரியுது. அதுல எத்தனை படிக்கிற வெளிச்சம்னு அங்க இருக்குற உங்களுக்குத்தான் தெரியும்.

நேரம் முடிஞ்சுது. 

பதிவைப் படித்த சொந்தங்களுக்கு: மேலே சொன்ன மூன்று முடிவுகளும் காரைக்குடி நகர குரூப்களில் நடைமுறைக்கு வந்துவிட்டன. உங்கள் ஒன்றியத்தில் செயல்படுத்த விரும்பும் பொறுப்பாளர்கள் இந்தப் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பலாம். இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பினால் காலை ஆறு மணிக்குத்தான் பதில் வரும்.